சிறுநீர்க் குழாய் போட்டவரின் தொழுகை

விழுப்புரம், திண்டிவனம் முஹல்லாக்களில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். ஐவேளையும் முன் ஸஃப்பில் நின்ற பெரியவர், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுவை ஜிப்மருக்கோ போய், குழாயும் பையுமாக வீடு திரும்புகிறார். அன்றோடு தொழுகை நின்றுவிடுகிறது. நஜீஸைச் சுமந்துகொண்டு எப்படித் தொழுவது என்கிறார். குழாயை எடுத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள்.

1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபோலி அமைத்த குழாய் இது. நுனியருகே சிறு பலூன் இருக்கும். மரத்துப்போகும் களிம்பு தடவிக் குழாயை மூத்திரப்பைவரை செலுத்தியபின், பக்கக் கிளை வழியே ஊசிக்குழலால் சுமார் 10 மில்லி சுத்திகரித்த நீரை ஏற்றுவார்கள். பலூன் உப்பி உள்ளே நின்றுகொள்ளும். அந்நீரை எடுக்காமல் இழுத்தால் பாதை கிழிந்து இரத்தம் வரும். ஆகவே தொழுகைக்காகக் கழற்றி மாட்டலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

இவரைப் போன்றவரை ஃபிக்ஹு நூல்கள் மஃதூர், அதாவது தக்க காரணமுடையவர் என்கின்றன. தொடர் உதிரப்போக்குள்ள பெண்ணையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தொழச் சொன்னார்களே அன்றி விடச் சொல்லவில்லை. ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் சிறுநீர் அடங்காதிருந்தது. இயன்ற மட்டும் மருந்து செய்தார்கள். மீறியபோது ஒளுச் செய்து தொழுதார்கள்.

ஹனஃபி மத்ஹபில், வக்து வந்ததும் ஒளுச் செய்தால் அவ்வக்து முடியும்வரை ஃபர்ளு, சுன்னத்து, நஃபில், களா யாவும் தொழலாம். குழாயில் இறங்கும் சிறுநீர் அந்த ஒளுவை முறிக்காது; காற்றுப் பிரிதல், தூக்கம் போன்றவை முறிக்கும். ஃபஜ்ருக்குச் செய்த ஒளு சூரிய உதயத்தோடு போய்விடும். உதயத்திற்குப் பின் செய்தது லுஹர் வக்து முடியும்வரை நிற்கும். மற்றவர்களுக்கு இவர் இமாமாக நிற்கலாகாது.

ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஓர் ஒளுவுக்கு ஒரு ஃபர்ளுதான். சிறுநீர் சொட்டுபவர் அதைப் பிடிக்கக் குப்பியைத் தொங்கவிட்டுத் தொழலாகாது என்று அம்மத்ஹபின் நூல்கள் சொல்வது உண்மையே. தேவையின்றி அசுத்தத்தைச் சுமப்பவரைப் பற்றிய பேச்சு அது. குழாய் போட்டவருக்கோ வேறு வழியில்லை. வக்தில் தொழுதுவிட்டு, மீட்ட வேண்டுமா என்பதை உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

தொழுமுன் பையை அடித் திறப்பின் வழியே காலி செய்யுங்கள். குழாயிலிருந்து பையைப் பிரிக்க வேண்டாம், கிருமி ஏறும். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். (மருமகள் கூசுகிறாள் என்றால் மகன் இருக்கிறானே!) ஸுஜூது செய்ய இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழட்டும். ஒழுகும் அச்சமிருந்தால் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுவதே சரி.

நோன்பில் கருத்து வேறுபாடு உண்டு. ஆணுக்குச் சிறுநீர்ப் பாதையில் குழாய் செலுத்தினால் ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பு முறியும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் முறியாது. நாள் பார்த்து மாற்றக்கூடிய குழாயானால் இரவில் மாற்றிக்கொள்வது நல்லது.

குழாயை எடுத்தபின் ஒரு வக்து முழுவதும் சொட்டாமல் கழிந்தால் மஃதூர் என்ற நிலை நீங்கும். குழாய் இருந்த நாட்களில் விட்ட தொழுகைகளைக் கணக்கிட்டு, நாளுக்குச் சிலவாகக் களாச் செய்யத் தொடங்கலாம்.