கண்காணிப்புக் கேமராவின் குறிப்பேடு

இரகசியக் கண்காணிப்புக் கேமரா என்றதும் நம் நினைவுக்கு வருவது படம்தான். அதைச் சேமிப்பதில் இன்று பெரிய சிக்கல் இல்லை. வன்தட்டு நிரம்பியதும் பதிவுக் கருவி பழைய படத்தின்மீதே புதியதை எழுதிக்கொள்ளும். ஆனால், படத்தை ஆராயும் மென்பொருள் எழுதிவைக்கும் குறிப்புகள் பல வேளைகளில் அப்படித் தாமாக மறைவதில்லை. எந்த நேரம், எந்தக் கேமரா, என்ன நிறக் கார், எந்த எண் பட்டை என்று அவை தரவுத்தளத்தில் வரி வரியாகச் சேர்ந்துகொண்டே போகும்.

செராஸ் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தகைய அமைப்புகளைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். கணினித் துறை பயிலும் தம்பி தங்கையருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கேமராவில் நொடிக்கு 10 படங்கள் ஆராயப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆளும் வண்டியுமாக 5 பொருள்கள். பொருளுக்கு ஒரு வரி என்றால், நாளொன்றுக்கு 43 இலட்சத்து 20 ஆயிரம் வரிகள். வரிக்கு 100 பைட் எனின் 432 மெகாபைட். கேமராக்கள் 30 என்றால் ஏறத்தாழ 13 கிகாபைட். இலவசமாகக் கிடைக்கும் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளத்தின் வரம்பு 10 கிகாபைட். ஒரு நாளைக்கே போதாது!

முதல் வேலை, எழுதுவதைக் குறைப்பது. வாயிலைக் கடக்க ஒரு காருக்கு 8 நொடி ஆகிறது. அதற்கு 80 வரிகள் எதற்கு? நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், சென்ற திசை என ஒரே வரி போதும்.

அடுத்தது அழிப்பது. இங்கேதான் பலர் திகைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் 'டிலீட்' கட்டளை கொடுத்தால் வரிகள் செல்லாதவை ஆகுமே தவிர, கோப்பு சுருங்காது. பின்னர் 'வேக்கம்' ஓடினாலும் அந்த இடம் பெரும்பாலும் புதிய வரிகளுக்குத்தான் பயன்படும், வன்தட்டுக்குத் திரும்பாது. எனவே, அட்டவணையை நாள்வாரியாகப் பிரித்துவிட வேண்டும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் இது எளிது. பழைய நாளின் பகுதியை 'டிராப்' செய்தால், நாள்காட்டித் தாளைக் கிழிப்பதுபோல் ஒரு நொடியில் முடியும்.

எதை எத்தனை நாள் வைப்பது? "இருந்துவிட்டுப் போகட்டுமே, வன்தட்டு மலிவுதானே" என்று நிர்வாகக் குழுக்களில் சொல்வார்கள். நான் இதை ஏற்பதில்லை. ஓராண்டு எண் பட்டைக் குறிப்பு கையில் இருந்தால், எந்த வீடு எப்போது பூட்டிக் கிடக்கும், யார் யாரைப் பார்க்க வருகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வணிக நடவடிக்கைகளில் திரட்டிய தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு. மணிக்கு எத்தனை வண்டி என்ற எண்ணிக்கையை ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். அது யாரையும் காட்டிக்கொடுக்காது. எண் பட்டைக்கு 30 நாள் போதும் என்பது என் கருத்து. போலீஸ் புகார் இருந்தால், தொடர்புடைய வரிகளை மட்டும் வேறோர் அட்டவணைக்கு மாற்றிவிட்டு மற்றதைக் கிழிக்கலாம்.

காப்புப் பிரதிகளுக்கும் அதே கெடுவை வையுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய வன்தட்டில் அந்த எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும்.