மருந்தளவு பார்க்கும் கருவி: புதிதாகத் தோட்டா கட்டுவோருக்கு

அமெரிக்காவில் வீட்டுப் பட்டறையில் தோட்டா கட்டுவது சாதாரணம். புரோகிரசிவ் பிரஸ்ஸில் கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும். அந்த வேகத்தில்தான் ஒரு கூடு வெடிமருந்தே இல்லாமலும், இன்னொன்று இரட்டை மருந்தோடும் நழுவிப் போகும்.

1. முதல் பிரஸ் வாங்கும்போதே, கூடு நின்று செல்லும் நிலைகளை எண்ணுங்கள். டில்லன் 550 பிரஸ்ஸில் நான்குதான். கூடுகளைத் தாங்கும் தட்டையும் கையால் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் அதே கூட்டில் மறுபடி மருந்து விழும். ஐந்து நிலை இருந்தால், இந்தத் தவறுகளைப் பிடிக்கும் மருந்தளவு பார்க்கும் கருவிக்குத் தனி இடம் கிடைக்கும்.

2. கருவிகள் மூன்று விதம். ஹார்னடியின் பவுடர் காப்பில் ஒரு கம்பி எழும்பும், நீங்கள்தான் பார்க்க வேண்டும். டில்லனுடையது பஸ்ஸர் அடிக்கும். ஆர்சிபிஎஸ் லாக்-அவுட் பிரஸ்ஸையே பூட்டிவிடும். என் ஓட்டு இதற்குத்தான். கண் அயர்ந்துபோகும், பூட்டிய கைப்பிடியோடு வாதாட முடியாது.

3. எதுவானாலும் அது பார்ப்பது மருந்தின் உயரத்தை, எடையை அல்ல. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். அதில் கால்வாசி கூடினாலும் குறைந்தாலும் கருவி வாய் திறக்காது. தராசு பக்கத்திலேயே இருக்கட்டும்.

4. மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் பாதுகாப்புதான். .38 ஸ்பெஷல் 1898இல் வந்தது. கரிமருந்துக்கென்று அமைந்த பெரிய கூடு. இன்றைய வேகமான புகையற்ற மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் மேலே இடம் மிச்சம், பார்த்தால் சந்தேகமே வராது. அங்கீகரிக்கப்பட்ட கையேட்டில் உள்ளவற்றுள், இரட்டிப்பானால் கூட்டுக்கு வெளியே வழியும் பருமனான மருந்தாகப் பாருங்கள்.

5. எடை போட்டுச் சரிபார்த்த கூட்டை வைத்துக் கருவியை அமையுங்கள். பிறகு காலிக் கூட்டைக் கொடுத்துச் சோதியுங்கள். இரட்டை மருந்திட்ட கூட்டையும் கொடுங்கள், அதை உடனே கொட்டிவிடுங்கள். இரண்டுக்கும் கருவி மறுத்தால்தான் வேலையைத் தொடங்கலாம். மருந்தோ அளவோ கூட்டின் வகையோ மாறினால் எல்லாம் முதலிலிருந்து. பேட்டரி உள்ளதென்றால் அதையும் பாருங்கள்.

6. ஆபத்து பெரும்பாலும் ஓட்டம் தடைபடும்போது வருகிறது. பிரைமர் சிக்கும், கூடு கோணலாக நிற்கும், அழைப்பு மணி அடிக்கும். கைப்பிடியைப் பாதியில் விட்டுப் பின்னோக்கி அசைத்துவிட்டு, எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது என்று நினைவில் தேடாதீர்கள். தட்டில் உள்ள அத்தனை கூடுகளையும் எடுத்து, மருந்தைக் கொட்டிப் புதிதாகத் தொடங்குங்கள். ஐந்து கூட்டு மருந்தின் விலை சில சென்ட்டுகள். பஸ்ஸர் அடித்தாலும் இதே வழிதான். "சும்மா அடிக்குது" என்று அணைத்து வைப்பவரோடு ஒரே ரேஞ்சில் நான் நிற்கமாட்டேன்.

7. குண்டு ஏறும் முன் கூட்டுக்குள் எட்டிப் பாருங்கள். சின்ன எல்இடி விளக்கு ஒன்றை அங்கே பொருத்துங்கள்.

8. சுடும்போது ஓசை சன்னமாகக் கேட்டால் மறுபடி விசையை இழுக்காதீர்கள். பிரைமர் மட்டுமே வெடித்துக் குண்டைக் குழலுக்குள் செருகியிருக்கலாம். பின்னால் வரும் குண்டு குழலைப் பிளக்கலாம். முனையைப் பத்திரமான திசையில் பிடித்துச் சற்றுப் பொறுத்து, துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் அடைப்பில்லை என்று கம்பி விட்டு உறுதி செய்யுங்கள். அன்று அதே தொகுப்பில் கட்டிய மீதித் தோட்டாக்கள் பெட்டிக்குத் திரும்பட்டும்.