வள்ளலாரின் விண்ணப்பங்களில் பிள்ளைமையும் பிழை பொறுத்தலும்

முன்னுரை

இறைவனைத் தந்தையாகவும் தன்னைப் பிள்ளையாகவும் கொண்டு பாடுதல் தமிழ்ப் பத்தி மரபில் தொன்மையானது. வள்ளலார் தம் ஞானகுருவாகப் போற்றிய திருஞானசம்பந்தரின் வரலாறே, சீகாழிக் குளக்கரையில் தந்தையைக் காணாது அழுத குழந்தைக்கு அம்மையப்பர் அருளியதில் தொடங்குகிறது. இராமலிங்க அடிகளிடம் இவ்வுறவு மரபுவழி உவமையாக நின்றுவிடாமல், பிழை பொறுத்தலுக்கும் பசியாற்றுதலுக்கும் அடிப்படையாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இழப்பும் ஏற்பும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்த அடிகள், கைக்குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக்கல்வியில் நாட்டமின்மை கண்ட தமையனார் அவரை வீட்டினின்று விலக்கினார் என்றும், அண்ணியார் மறைவாக உணவிட்டு வந்தார் என்றும், அவர்தம் கண்ணீருக்கு இரங்கி அடிகள் வீடு திரும்பினார் என்றும் வாழ்க்கை வரலாற்று மரபு கூறும். பிற்காலத்தில் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் அடிகள் பல ஆண்டுகள் தங்கினார். குருதியுறவு இல்லாத அவ்வில்லமே அவருக்கு வீடாயிற்று.

இந்நிகழ்ச்சிகளைப் பாடல்களுக்கு நேரடிக் காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், குடும்ப உறவின் நுட்பங்களை அறிந்த உள்ளமே அப்பாடல்களில் பேசுகிறது எனலாம்.

பொறுத்தலின் இலக்கணம்

ஆறாம் திருமுறையின் பிள்ளைச் சிறு விண்ணப்பம் இல்லறக் காட்சி ஒன்றுடன் தொடங்குகிறது. தந்தை அடித்தால் தாய் அணைப்பாள். தாய் அடித்தால் தந்தை அணைப்பார். இருவரும் இறைவனே ஆகையால், அடித்தவனே அணைத்தாக வேண்டும் என்பது பிள்ளையின் வாதம். இங்குப் பிழை மறுக்கப்படவில்லை. ஆனால், பிழையால் உறவு அறுவதும் இல்லை. பொறுத்தல் உறவுக்குள் நுழைவதற்கான தகுதியன்று. உறவில் இருப்பவரின் உரிமை.

அதே திருமுறையின் மற்றொரு வேண்டுதல், எல்லா உயிர்களிடத்தும் அன்பு செய்தல், தன் பிழை பொறுக்கப்படுதல், தலைவனைப் பிரியாதிருத்தல் ஆகியவற்றை ஒரே பாடலில் இணைக்கிறது. தனக்கு மன்னிப்பை வேண்டும் பிள்ளை, பிற உயிர்களையும் அன்பின் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

விரியும் குடும்பம்

பிள்ளைப் பெரு விண்ணப்பத்தில் முறையீட்டின் பொருள் மாறுகிறது. தன் துயரைவிடப் பிறர் பசியும் நோயும் வாடும் பயிரும் பிள்ளையை வருத்துகின்றன. இவ்வருத்தத்திற்கான கோட்பாட்டு விளக்கம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உள்ளது. உயிர்கள் அனைத்தும் ஒரே இறைவனால் தோற்றுவிக்கப்பட்டமையின் சகோதரர் ஆவர். ஒரு சகோதரரின் துன்பம் கண்டு மற்றவர் உருகுதல் ஆன்ம உரிமையின் இயல்பு என்பது அதன் சாரம்.

1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கப்பட்ட சத்திய தருமச்சாலை, இக்கோட்பாட்டின் செயல்வடிவம். பார்வதிபுரத்தார் வழங்கிய நிலத்தில் மூட்டப்பட்ட அணையா அடுப்பு, சாதியோ சமயமோ வினவாமல் இன்றும் பசித்தோர்க்கு உணவளிக்கிறது. உண்ண வருபவர் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, பசியே போதுமானது.

முடிவுரை

தந்தையை இழந்த பிள்ளை இறைவனிடம் உரிமையோடு பெற்ற பொறுத்தல், அப்பிள்ளையிடம் நின்றுவிடவில்லை. உறவினர் அல்லாதாரை உறவாக ஏற்கும் அறமாக அது வளர்ந்தது. எனவே வடலூரின் அன்னதானத்தை ஈகையாக மட்டும் விளக்குதல் குறைபாடுடையது. விண்ணப்பங்களோடு இணைத்து நோக்கின், அது ஒரே குடும்பத்தார் தம்முள் பகிரும் உணவாகும்.