சனிக்கிழமை மாலையை ஒதுக்குங்கள்

தலைமைப் போதகர், உதவிப் போதகர், செயலர், பொருளாளர் என நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சபையை நடத்தினால் உரசல் வரத்தான் செய்யும். அதைப் பேசித் தீர்க்க உங்கள் குழுவில் ஒரு நேரம் உண்டா? பெரும்பாலும் இருக்காது. ஜெபக்கூட்டம் இருக்கும், கமிட்டி இருக்கும், வருஷத்துக்கு ஒரு ரிட்ரீட்கூட இருக்கும்.

வங்காளத்துச் செராம்பூரில் அப்படி ஒரு நேரம் இருந்தது. இறையியல் படித்தவர்களுக்குத் தங்கள் பட்டத்தில் அச்சான பெயராகப் பழக்கமான ஊர். தரங்கம்பாடியைப் போல அதுவும் அன்று டேனிஷ்காரர் வசம். 1800-இல் ஆங்கிலேய மிஷனரிகளான வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு உள்ளிட்டோர் அங்கே கூட்டுக் குடும்பமாக வாழத் தொடங்கினார்கள். முன்னாள் செருப்புத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், அச்சுத் தொழில் தெரிந்தவர் என ஆளுக்கொரு பின்னணி. சனிக்கிழமை மாலை என்றால், அந்த வாரத்து மனஸ்தாபங்களை எடுத்துப் பேசித் தீர்க்கும் நேரம். பிரசங்கம் முறைவைத்து. வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர். வருமானம் பொதுப் பெட்டிக்கு. வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வாங்கிய பெரிய சம்பளமும் அதில்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் முதலில் பின்பற்ற வேண்டியது சனிக்கிழமைதான். மறுநாள் ஒரே பீடத்தில் நிற்கப் போகிறவர்கள் முந்தின மாலை அரைமணி நேரம் உட்காருங்கள். மினிட்ஸ் எழுத வேண்டாம். மூத்தவர் முதலில் தன் பக்கத்துக் குறையைச் சொல்லட்டும். அவர் வாயைத் திறக்காமல் இளையவர் திறக்க மாட்டார். அந்த வாரத்து விஷயம் மட்டும் பேசுங்கள், பழைய கணக்கைக் கிளற வேண்டாம்.

அடுத்து, கூட்டத்தை நடத்தும் பொறுப்பை மாதாமாதம் மாற்றுங்கள். தலைமைப் போதகருக்கு இது கசக்கும். காணிக்கைக் கணக்கையும் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். உபதேசக் கருத்து வேறுபாட்டைவிட, பூட்டிய பீரோதான் சந்தேகத்தை அதிகம் வளர்க்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு விதியை ஜெர்மனியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 1935-இல் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபிங்கன்வால்டேயில் போதகர்களைப் பயிற்றுவித்தபோது, அந்த இடத்தில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தார். நம்மூரில் இந்த விதிக்கு முதல் சோதனை, "பிரதர், ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சு. அங்கேயே நிறுத்தி, "அவர்கிட்ட பேசிட்டீங்களா?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்புக்கும் இதே விதிதான்.

செராம்பூரிலும் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடவில்லை. பின்னால் வந்த இளைய மிஷனரிகளுக்கு மூத்தவர்களின் ஏற்பாடும் அதிகாரமும் ஒத்துவரவில்லை. கல்கத்தாவில் தனியாகப் பிரிந்தார்கள். 1827-இல் மூத்தவர்களுக்கு, தங்களை அனுப்பிய இங்கிலாந்து மிஷனரி சங்கத்தோடும் உறவு முறிந்தது. மூத்தவர்கள் தங்களுக்குள் மனமொத்துப் போட்ட ஒழுங்கு, அதைப் போடும்போது கூட இல்லாதவர்களுக்குக் கட்டளையாகத் தெரிந்திருக்கும். ஆகவே இடமாற்றத்தில் புதிய உதவிப் போதகர் வந்தால், முதல் சனிக்கிழமையே உங்கள் ஒழுங்குகளை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். எதை மாற்றலாம் என்று கேட்டு, அவர் சொல்வதில் ஒன்றையாவது அன்றே திருத்துங்கள்.