பயொஸ், யு.ஈ.எவ்.ஐ., சி.எஸ்.எம்.

மாணவர்களே, கணினியின் ஆளியை அழுத்தியதும் முதலில் இயங்குவது பணிசெயல் முறைமை அன்று. தாய்ப்பலகையின் சில்லொன்றில் பதிக்கப்பட்ட நிலைபொருளே. அது வன்பொருளைச் சோதித்தபின், பணிசெயல் முறைமையை வன்தட்டிலிருந்து பிரதான நினைவகத்துக்கு ஏற்றுவிக்கும்.

1. பயொஸ் (பழைய நியமம்)
1981 இல் ஐ.பி.எம். தனியாள் கணினியுடன் அறிமுகமானது. 16 பிற்று முறையில் இயங்கும். கிரபிக்ஸ் அட்டை போன்றவற்றின் செலுத்தி, அவ்வட்டையிலுள்ள ஒப்ஷன் ரொம்மில் இருக்கும். வன்தட்டு எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்படும். இது 512 பைற்றுக் கூறுகளை 32 பிற்று எண்ணால் குறிப்பதால் எல்லை:
2³² × 2⁹ = 2⁴¹ பைற்று = 2 ரெராபைற்று

2. யு.ஈ.எவ்.ஐ. (புதிய நியமம்)
இன்ரெல் உருவாக்கிய ஈ.எவ்.ஐ.யின் வளர்ச்சியாகும். 2005 இல் அமைக்கப்பட்ட யு.ஈ.எவ்.ஐ. மன்றம் இதனைப் பேணுகிறது. செலுத்திகள் புதிய வடிவில் எழுதப்படும். வன்தட்டு ஜி.பி.ரி. முறையில் பிரிக்கப்படுவதால் 2 ரெராபைற்று எல்லை இல்லை.

3. சி.எஸ்.எம். (பொருந்துகைக் கூறு)
பழைய அட்டையின் செலுத்தியை யு.ஈ.எவ்.ஐ. நேரடியாக இயக்காது. எனவே பயொஸ் போல நடந்து, பழைய செலுத்தியையும் பழைய பணிசெயல் முறைமையையும் இயக்கும் கூறு சேர்க்கப்பட்டது. அண்மைக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் இது இல்லை.

கவனிக்க
என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர், விண்டோஸ் 11 நிறுவுவதற்காக சி.எஸ்.எம்.மை நிறுத்தினார். கணினி தொடங்கவில்லை. வன்தட்டு பழுதென எண்ணி, அதனை அழித்து மீள வடிவமைக்க ஆயத்தமானார். தந்தையாரின் கடைக் கணக்குகள் முழுவதும் அதில்தான் இருந்தன! உண்மையில் வன்தட்டு பழுதடையவில்லை, அது எம்.பி.ஆர். முறையில் இருந்தது, அவ்வளவுதான். சி.எஸ்.எம்.மை மீண்டும் இயக்கியதும் எல்லாம் வந்தன. சரியான ஒழுங்கு: முதலில் கோப்புகளைப் பிரதிசெய்க, அடுத்து ஜி.பி.ரி.க்கு மாற்றுக, இறுதியாக சி.எஸ்.எம்.மை நிறுத்துக.

மாதிரி வினா
சி.எஸ்.எம்.மை நிறுத்தியதும் பழைய கிரபிக்ஸ் அட்டையுள்ள கணினியில் திரை வெறுமையாயிற்று. காரணம் யாது?

விடை: அவ்வட்டையில் பழைய நியமச் செலுத்தி மட்டுமே உண்டு. அதனை இயக்கும் கூறு நிறுத்தப்பட்டதால் திரையில் எதுவும் தோன்றவில்லை.

"அட்டை பழுது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. காரணத்தையும் எழுதப் பழகுங்கள்.