புழுக்கமும் மனித உடலும்: மும்பையின் கோடையிலிருந்து ஒரு பாடம்

மே மாதத்தில் தினசரிகளில் வெளியாகும் வெப்பநிலை அட்டவணையைக் காணும் ஒருவர், தில்லியைக் காட்டிலும் மும்பை மிகவும் சுகமான நகரம் என்று முடிவு செய்யக்கூடும். தில்லியில் பகல் வெப்பம் 42 டிகிரி சென்டிகிரேடை எட்டும் நாட்களில், மும்பையில் அது 33 அல்லது 34 டிகிரி அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் தாராவியிலோ செம்பூரிலோ அம்மாதத்தைக் கழித்தவர் எவரும் இம்முடிவை ஏற்கமாட்டார். உடுத்திய துணி உடலோடு ஒட்டிக்கொள்கிறது; துவைத்த துணி நிழலில் எளிதில் உலர்வதில்லை; நள்ளிரவிலும் வியர்வை அடங்குவதில்லை. இந்நிலையையே நம் மக்கள் புழுக்கம் என்று வழங்குகின்றனர். சாதாரண வெப்பமானி ஒன்றைக் கொண்டு இதனை அளக்க இயலாது. அளவு தெரியாத காரணத்தால் இதனைப் பொருட்படுத்தாது விடுவோமாயின், அது உயிர்ச்சேதத்தில் முடியவும் கூடும். ஆகவே, மக்களிடையே பணிபுரிவோரும் ஆசிரியர்களும் இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

காற்றிலுள்ள நீராவி

காற்று வெப்பமடைய வெப்பமடைய, அதில் இருக்கக்கூடிய நீராவியின் அளவும் மிகுதியாகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சமாக ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கலாம். 30 டிகிரியில் இது 30 கிராமாக உயர்கிறது. இந்த உச்ச அளவில் எத்தனை சதவிகிதம் நீராவி உண்மையில் காற்றில் உள்ளதோ, அதுவே ஒப்பு ஈரப்பதம் எனப்படும்.

தில்லியில் 42 டிகிரி வெப்பமும் 15 சதவிகித ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு கனமீட்டர் காற்றில் உள்ள நீராவி 8 அல்லது 9 கிராம் மட்டுமே. மும்பையில் 33 டிகிரி வெப்பமும் 70 சதவிகித ஈரப்பதமும் உள்ளபோது, அதே அளவு காற்றில் ஏறத்தாழ 25 கிராம் நீராவி உள்ளது. அதாவது, வெப்பம் குறைந்த நகரத்தின் காற்றில் ஏறக்குறைய மும்மடங்கு நீராவி நிறைந்திருக்கிறது. அரபிக் கடலின் மீது தவழ்ந்து வரும் காற்றே இதற்குக் காரணமாகும்.

உடல் தன்னைக் குளிர்விக்கும் முறை

மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருத்தல் வேண்டும். ஆனால் உடல் ஓயாது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வெளிக்காற்று குளிர்ந்திருப்பின், இவ்வெப்பம் தோலின் வழியே தானாகவே வெளியேறிவிடும். கோடைக்காலத்தில் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரியாகவும், காற்றின் வெப்பம் 33 டிகிரியாகவும் இருக்கையில் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டு விடுகிறது. எஞ்சியுள்ள வழி வியர்வை ஒன்றே.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது, உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கடின வேலையால் மணிக்கு 300 கிலோகலோரி வெப்பம் உண்டாகும் தொழிலாளி ஒருவரின் உடலில், ஒரு மணி நேரத்தில் சுமார் அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். இங்கு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். குளிர்ச்சியை அளிப்பது வியர்வை சுரப்பது அன்று, அது ஆவியாவதே. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பின், வியர்வை ஆவியாகாது சொட்டி வீழ்கிறது. சொட்டிய வியர்வையால் உடல் குளிர்வதில்லை. உடலிலுள்ள நீரும் உப்பும் வீணே இழக்கப்படுகின்றன. இதயத்தின் வேலைப்பளுவும் பெருகுகிறது.

ஈரக்குமிழ் வெப்பநிலை

இவ்விரு காரணங்களையும், அதாவது வெப்பத்தையும் ஈரத்தையும், ஒருசேரக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பமானி. வெப்பமானியின் குமிழை ஈரத் துணியால் சுற்றி அதன்மீது காற்று வீசச் செய்தால், நீர் ஆவியாவதால் குமிழ் குளிர்கிறது. வியர்வை பூத்த உடலுக்கும் இவ்வாறே நிகழ்கிறது. மேலே கூறிய தில்லிப் பிற்பகலில் ஈரக்குமிழ் சுமார் 22 டிகிரியைக் காட்டும். மும்பைப் பிற்பகலிலோ 28 டிகிரிக்கும் சற்று அதிகமாகக் காட்டும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை அடையுமாயின், மனிதன் நிழலில் ஓய்ந்திருந்தாலும் பல மணி நேரம் உயிர்தரித்தல் இயலாது என்று 2010ஆம் ஆண்டில் அறிவியலார் கணித்துக் கூறினர். பின்னர், அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலம் வாய்ந்த இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஈரம் மிகுந்த சூழலில் உடலின் தாங்கும் எல்லை 30 அல்லது 31 டிகிரி அளவிலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது. முதியோர், நோயாளர், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இவ்வெல்லை இன்னும் தாழ்ந்ததாகவே இருக்கும். மும்பையின் சாதாரண மே மாதப் பிற்பகலுக்கும் இவ்வெல்லைக்கும் இடையேயுள்ள தூரம் இரண்டு மூன்று டிகிரிகளே என்பது சிந்திக்கத்தக்கது.

கடற்காற்றும் தரைக்காற்றும்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலை வேளையில் கிழக்கிலிருந்து வறண்ட தரைக்காற்று மும்பையின் மீது வீசுகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, மேற்கே கடலிலிருந்து குளிர்ந்த காற்று உட்புகுகிறது. இக்கடற்காற்று நண்பகலுக்கு முன்னரே வந்துவிட்டால் வெப்பம் மட்டுப்படும். அது தாமதிக்கும் நாட்களில் வெப்பம் திடீரென்று ஏறுகிறது. 1956ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி சாந்தாகுரூஸ் நிலையத்தில் 41.7 டிகிரி பதிவாயிற்று. மே மாதத்தில் கடற்காற்று நிலைபெற்று விடுவதால் இத்தகைய உச்சங்கள் அரிது. ஆனால் அக்காற்றே நீராவியையும் சுமந்து வருவதால் புழுக்கம் மிகுகிறது. ஜூன் இரண்டாவது வாரத்தை ஒட்டிப் பருவமழை தொடங்கும் வரை இந்நிலை நீடிக்கிறது. மழைக்குப்பின் அக்டோபரில் வெப்பம் மீண்டும் தலைதூக்குகிறது.

ஒரே நகரம், வெவ்வேறு வெப்பம்

வானிலை நிலையத்தின் அளவு, நகரின் ஒவ்வொரு வீட்டிற்கும் பொருந்துவதன்று. மாட்டுங்காவில் அகன்ற தெருக்களும், இருமருங்கும் தூங்குமூஞ்சி மரங்களும், ஐந்து தோட்டங்கள் எனப்படும் பூங்காக்களும் உள்ளன. நிழலும் காற்றோட்டமும் அங்கு இயல்பாக வாய்த்துள்ளன. அதனை அடுத்துள்ள தாராவியிலோ, இருவர் எதிரெதிரே செல்லவியலாத சந்துகளில் வீட்டின்மேல் வீடாக எழுப்பப்பட்டுள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. செங்குத்தான ஏணியில் ஏறிச் செல்லும் மாடியறைகளில் தோல் வேலை, தையல் வேலை முதலியன நடைபெறுகின்றன. கும்பார்வாடாவில் மட்பாண்டச் சூளைகள் எரிகின்றன. தலைக்கு மேலே தகரக் கூரை பகலில் காய்ந்து, அவ்வெப்பத்தைக் கீழே உள்ளோர் மீது வீசுகிறது. நெருங்கிய சுவர்களில் தேங்கிய சூடு இரவிலும் எளிதில் ஆறுவதில்லை. கிழக்கே உள்ள செம்பூரை அடையுமுன் கடற்காற்று கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியைக் கடந்து வர வேண்டியுள்ளது. பகலில் பட்ட வெப்பத்தினின்று உடல் தேறுவதற்கு இரவின் குளிர்ச்சியே உதவுவது. அது கிடைக்காதோர்க்கு அடுத்த நாளின் வெயில் இருமடங்கு கொடியதாகிறது.

எச்சரிக்கை அளவும் அதன் எல்லையும்

கடலோர நிலையங்களில் பகல் வெப்பம் 37 டிகிரியோ அதற்கு மேலோ உயர்ந்து, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருந்தால், இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப அலை என்று கருதுகிறது. சமவெளிகளில் இவ்வளவு 40 டிகிரியாகும். இவ்வரையறை ஈரத்தைக் கணக்கிடுவதில்லை. எனவே, வெப்ப அலை என்னும் பெயர் பெறாத நாளும் ஆபத்தற்ற நாளாகிவிடாது. இக்குறையை நிரப்பும் பொருட்டு, 2023இல் இத்துறை ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது.

அதே 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி, மும்பையை அடுத்த நவி மும்பையின் கார்கர் மைதானத்தில் பல லட்சம் மக்கள் திறந்த வெயிலில் ஒரு விருது விழாவிற்காகக் கூடினர். அன்று அப்பகுதியின் வெப்பம் 38 டிகிரியை ஒட்டியே இருந்தது. எனினும் வெப்பத் தாக்கினால் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வட இந்தியாவில் எவரும் வியப்படையாத ஓர் அளவு, கடற்கரையில் இத்துணைக் கேட்டை விளைவித்தது.

களப்பணியாளர் மேற்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, கடின வேலைகளையும் கூட்டங்களையும் நண்பகலுக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்துமாறு தொழிலாளருக்கு எடுத்துரைக்க வேண்டும். மிகுதியாக வியர்த்துச் சோர்ந்தவருக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். மூன்றாவதாக, தகரக் கூரைகளின் மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசுதல் நலம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம் பின்னர் இம்முறையையும் கைக்கொண்டது. நான்காவதாக, மின்விசிறியும் எதிரெதிர்ச் சாளரங்களும் மும்பைப் புழுக்கத்தில் பெரிதும் பயன்படும். ஏனெனில் அசையும் காற்று வியர்வையை விரைவில் ஆவியாக்குகிறது.

ஒருவர் பிதற்றினாலோ, தடுமாறினாலோ, நினைவிழந்தாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு என்றே கொள்ளத்தக்கது. வியர்வை வழிந்துகொண்டிருப்பினும் இவ்வாறு நேரலாம். உடனே 108 எண்ணை அழைத்துவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவற்றவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

வகுப்பறைச் சோதனை

ஒரே மாதிரியான இரு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிடுக. ஒன்றின் குமிழை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, அதன் நுனியை நீருள்ள சிறு கிண்ணத்தில் அமிழ்த்துக. அட்டையால் ஐந்து நிமிடம் விசிறி, இரு அளவுகளையும் குறித்துக்கொள்க. உலர்குமிழ் 33 டிகிரியாக இருக்கையில் ஈரக்குமிழ் 25 டிகிரி காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 52 சதவிகிதம். 28 காட்டினால் 68. 31 காட்டினால் 87. இரு அளவுகளும் நெருங்க நெருங்கப் புழுக்கம் மிகுகிறது என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

இவ்வளவுகளைக் கோடை முழுவதும் நாள்தோறும் பள்ளிக் கரும்பலகையில் எழுதி வருதல் நன்று. ஈரக்குமிழ் 28 டிகிரியைக் கடக்கும் நாளில் விளையாட்டு வகுப்பை மாலைக்கு ஒத்திவைக்கலாம். வெயிலில் உழைக்கும் பெற்றோரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு பிள்ளைகள் வாயிலாகச் சொல்லியனுப்பலாம்.