நீரில் உறங்கும் நெருப்பு

கொங்கு நாட்டில், அவிநாசிக்கு வடக்கே சேவூர் என்னும் பழைய ஊர் உளது. வாலீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரில் இன்று தறியோசையும் தையற்பொறிகளின் ஓசையும் ஓய்வதில்லை. பொறிகளோடு பழகிய ஊராதலின், அங்குள்ள இளைஞர்க்கு எதனையும் கழற்றிப் பார்க்கும் ஊக்கம் மிகுதி. என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் அங்கே மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்துள்ளார். ஒரு நாள் அவர் தம் மோட்டார் சைக்கிளில் ஒரு கண்ணாடிச் சாடியைக் கட்டிக்கொண்டு என் இல்லம் வந்தார். சாடியில் நீர் இருந்தது. நீருள் எவர்சில்வர் தகடுகள் இருந்தன. மூடியிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குச் சென்றது. "ஐயா, இனிப் பாதிப் பெட்ரோல் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்" என்றார். அவர் கூற்றில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதைக் காண்போம்.

நெருப்பை அவிக்கும் நீருக்குள் நெருப்புக்கு உணவாகும் பொருள் ஒன்று இருப்பது வியப்பே. 1766-இல் காவெண்டிஷ் என்னும் ஆங்கிலேயர் எரியும் இயல்புடைய ஒரு வாயுவைப் பிரித்தறிந்தார். அஃது எரிந்தால் நீர் உண்டாதலைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், 'நீரை ஆக்குவது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் அதற்கு ஹைட்ரஜன் எனப் பெயரிட்டார். நம் பழைய பாடநூல்கள் அதனை ஜலவாயு என்றன. ஈழத்தார் ஐதரசன் என எழுதுவர். நீரகம் என்னும் சொல்லே என் செவிக்கு இனிது. 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்சாரத்தை நீருட் செலுத்தி, நீரைப் பிளந்து காட்டினர். 9 கிலோ நீரைப் பிளந்தால் 1 கிலோ நீரகமும் 8 கிலோ பிராணவாயுவும் கிடைக்கும். சாடிக்குள் நிகழ்வதும் இதுவே. ஆகவே அவ்விளைஞர் பொய் கூறவில்லை, குமிழிகள் மெய்யே.

பிழை வேறிடத்தில் உளது. மின்மோட்டார் வருமுன் நம் கொங்குக் கிணறுகளில் கவலை இறைத்தனர். எருதுகள் வாரியில் இறங்கச் சால் மேலேறி நீரைக் கொட்டும். அந்நீர் பள்ளத்தில் பாய்ந்து ஓர் உருளையைச் சுழற்றுவதாகக் கொள்வோம். அச்சுழற்சியைக் கொண்டே மீண்டும் சாலை மேலேற்றி, எருதுகளை அவிழ்த்துவிட இயலுமா? எருது தந்த வலிமைக்கு மேல் நீர் திருப்பித் தராது. சாலும் ஒழுகும், உருளையும் தேயும். நீரகமும் அத்தகையதே. நீரைப் பிளக்கச் செலவாகும் ஆற்றலிற் குறைந்ததே அது எரியும்போது மீளும். ஒரு கிலோ நீரகம் பெற ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அதனை எரித்தால் கிடைப்பதோ ஏறத்தாழ 33 யூனிட் வெப்பம். சாடிக்கு மின்சாரம் தருவது வண்டியின் பாட்டரி. பாட்டரிக்குத் தருவது எஞ்சின். எஞ்சினுக்குத் தருவது பெட்ரோல். பெட்ரோலின் ஆற்றலில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்களவே எஞ்சினில் இயக்கமாக மாறும். அவ்வியக்கம் மின்னாகி, மின் நீரகமாகி வருவதற்குள் பத்துப் பங்கு தேறுவதும் அரிது.

இடரும் சிறிதன்று. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை நீரகம் எவ்வளவு கலந்திருப்பினும் தீப்பற்றும். அதற்கு மணமில்லை; அதன் சுடர் பகலொளியிற் புலப்படாது. இச்சாடியிலோ நீரகமும் பிராணவாயுவும் கலந்தே வெளிவருகின்றன. குழாயின் முனையில் ஒரு பொறி பட்டாற் போதும், தீ பின்னோக்கி ஓடிச் சாடியைச் சிதறடிக்கும். சிலர் மின்சாரம் எளிதிற் செல்ல வேண்டிக் கறியுப்பு இடுவர். அப்பொழுது குளோரின் என்னும் நச்சு வாயுவும் தோன்றும். சலவைத் தூளின் நெடியை அறிந்த திருப்பூர்த் தொழிலாளர்க்கு அதன் கொடுமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வகை ஆசை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1996-இல் இராசபாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பார், மூலிகையை நீரிலிட்டுப் பெட்ரோல் ஆக்குவதாகக் கூறியபோது நாடே திரும்பிப் பார்த்தது. பின்பு மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எனினும், வண்டியே தனக்கு வேண்டிய வாயுவை ஆக்கிக்கொண்டு ஓடிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, தமிழகத்துச் சாலைகளில் கரிவாயுப் பேருந்துகள் ஓடின. அவற்றைப் பற்றி என் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன். பேருந்தின் பின்புறம் ஆளுயர உருளை ஒன்று நிற்கும். அதில் அடுப்புக்கரியை இட்டு மூட்டி, காற்றைக் குறைத்தே செலுத்துவர். கரி முற்றும் எரியாமையால் கார்பன் மோனாக்சைடும் சிறிது நீரகமும் தோன்றும். தூசு நீக்கி அவற்றை எஞ்சினுக்கு விடுவர். புறப்படுமுன் துருத்திச் சக்கரத்தை நெடுநேரம் சுழற்ற வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவர். சட்டையெல்லாம் கரியாகும், ஆயினும் ஊர் போய்ச் சேர்வர். நீரால் ஓடாத வண்டி கரியால் ஓடியது ஏன்? மரம் பல ஆண்டு வெயிலில் ஈட்டிய ஆற்றல் கரியில் இருந்தது. நீரோ முன்னரே எரிந்து முடிந்த நீரகத்தின் சாம்பல்.

அங்ஙனமாயின் நீரகம் பயனற்றதா? அன்று. வெயிலும் காற்றும் தரும் மின்சாரம் மிஞ்சும்போது அதனைச் சேமித்து வைக்கும் குதிர் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பகுதிக் காற்றாலைகள் ஆனி, ஆடித் திங்களிற் சுழலும் வேகத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். மார்கழியில் அவ்வேகம் இராது. தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் நீரகம் ஆக்கும் சிறு ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு ஒளி தருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில், நீரகத்தால் இயங்கும் பெட்டி சோதிக்கப்பெற்றது. நீரகக் கார்களில் அவ்வாயுவைக் காற்றழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்தி வைக்கின்றனர். அதற்கான கலம் கண்ணாடிச் சாடி அன்று.

இவற்றையெல்லாம் நான் கூறியபோது அவ்விளைஞர் முழுதும் நம்பவில்லை. அதனை நான் குறையாகக் கொள்ளவில்லை. "சாடியுடன் ஒரு வாரம், சாடியின்றி ஒரு வாரம், சேவூருக்கும் அவிநாசிக்கும் ஒரே வேகத்திற் சென்று பெட்ரோலை அளந்து பாரும்" என்றேன். இரு வாரம் கழித்துக் கணக்கேட்டுடன் வந்தார். சாடியுடன் சென்ற வாரத்தில் பெட்ரோல் சற்றே மிகுதியாகச் செலவாகியிருந்தது. சாடியை அவரே கழற்றிவிட்டார். தகடுகளை மட்டும் வேறொன்றுக்கு உதவும் என எடுத்து வைத்துள்ளார்.